கருக்கலில் நிற்பது பன்றியா, ஆளா? தூரம் அளக்கும் பைனாகுலர் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகன் மெல்பர்னில் இருக்கிறான். அங்கே கடமான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்த கையோடு மூன்று பைனாகுலர்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இதுல எது வாங்கட்டும்?" என்று கேட்டான். மூன்றுமே உள்ளே லேசர் வைத்த ரகம். பட்டனை அழுத்தினால் எதிரே நிற்பது எத்தனை மீட்டர் என்று கண்ணுக்குள்ளேயே எண் தெரியும். அதே வாரம் இங்கே மலேசியாவில், பகாவ் ஊர் பாசாரில் (சந்தையில்) பார்த்த நண்பர் ஒருவரும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் பக்கத்துத் தோட்டத்தில் பன்றி சுட லைசென்ஸ் வைத்திருப்பவர். மருமகனுக்குச் சொன்ன பதிலை அவருக்குச் சொல்ல முடியவில்லை. இவன் நிற்கப்போவது மலைச்சரிவில், அவர் நிற்பது செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, அடியில்.

நான் தோட்டத்தில் கண்டக்டராக (வேலை மேற்பார்வையாளராக) முப்பது வருடம் ஓட்டியவன். துப்பாக்கிக்காரர்களோடு எத்தனையோ நாள் பன்றிக்குப் போயிருக்கிறேன். இந்தக் கருவிகளில் நாலைந்தைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், இரண்டை வாங்கியிருக்கிறேன், அதில் ஒன்றை நானே பாழாக்கியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலை, ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும். வெளிச்சம் மசமசவென்று இருந்தது. பழைய நடவுப் பக்கம் மரத்தடியில் கறுப்பாக ஏதோ குனிந்து குனிந்து அசைந்தது. கூட வந்தவர் துப்பாக்கியைத் தூக்கினார். நான் பைனாகுலரை எடுத்தேன். உதிரிப் பழம் பொறுக்க வந்த ஒரு பெண், தலையில் கறுப்புத் துணி, பக்கத்தில் சாக்கு. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடியும் முன்னாலேயே வந்துவிட்டார் போல. அப்போது எங்களிடம் லேசர் இருந்திருந்தால் 46 மீட்டர் என்றோ 50 என்றோ சரியாகவே காட்டியிருக்கும். அங்கே நிற்பது யார் என்று அது சொல்லியிருக்காது. அதைச் சொன்னது கண்ணாடி. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் கண்ணாடியைப் பாருங்கள், லேசரை அப்புறம் பார்க்கலாம் என்பேன். கடையில் விற்பவர் பெரும்பாலும் தலைகீழாகத்தான் சொல்வார்.

முதல் படி: எங்கே நிற்பீர்கள், எதைச் சுடலாம்

தீபகற்ப மலேசியாவில் துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும். பன்றிக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலிதான் எனும் வனவிலங்குத் துறை கொடுக்கும் லைசென்ஸ் தனியாக வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்று பன்றியைச் சுட்டால் மாட்டிக்கொள்வீர்கள். கடமான், கேளையாடு, அதாவது நாம் ரூசா, கீஜாங் என்று சொல்வது, இரண்டின் வேட்டையையும் 2009லேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவை புலிக்கு இரை. காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்பது கணக்கு. ஆகவே நம் ஊரில் பெரிய விலங்கு வேட்டை என்றால் நடைமுறையில் காட்டுப்பன்றிதான்.

பன்றி எங்கே நிற்கும்? முற்றிய செம்பனைக்குள் என்றால் மட்டை தொங்கி, பெரணிச் செடி படர்ந்து, 60 மீட்டருக்கு மேல் பார்வையே போகாது. மறுநடவு செய்த இடம் வேறு. இளம் கன்றின் குருத்தைத் தின்னத்தான் பன்றி வரும், தோட்டத்துக்குப் பெரிய நட்டமும் அங்கேதான். அந்த இடம் திறந்த வெளியாகக் கிடக்கும். மேட்டில் நின்றால் 300 மீட்டர் வரை தெரியும்.

இனி துப்பாக்கிக்கு வாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் ஷாட்கன், பெரிய குண்டுகள் அடைத்த எஸ்.ஜி. தோட்டா. அது 30, 40 மீட்டரைத் தாண்டினால் குண்டு பரந்துவிடும். பன்றி சாகாமல் அடிபட்டு ஓடும், அடிபட்ட பன்றி பொல்லாதது. அப்படியானால் உங்களுக்குத் தேவையான தூரக் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: 40க்கு உள்ளேயா, வெளியேயா?

அந்தக் கணக்குக்குச் செம்பனையே போதும். நம் தோட்டங்களில் பொதுவாக 9 மீட்டர் முக்கோண நடவு. நிரையில் மரத்துக்கு மரம் 9 மீட்டர், நிரைக்கு நிரை ஏறக்குறைய 7.8 மீட்டர். நாலு மரம் எண்ணினால் 36 மீட்டர். நாலாவது மரத்துக்கு அப்பால் நிற்கும் பன்றியை விட்டுவிடுங்கள். இதற்குப் பேட்டரி வேண்டாம். பாசார் நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: நல்ல சாதாரண 8×42 பைனாகுலர் வாங்குங்கள், மரத்தை எண்ணுங்கள், மிச்சப் பணத்தில் அண்ணிக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மருமகன் கதை வேறு. விக்டோரியா மாநிலத்தின் மலைக்காடுகளில் கடமான் 1860களில் கொண்டுவந்து விடப்பட்டது. இன்று அங்கே லைசென்ஸோடு வேட்டையாடுகிறார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நிற்கும் மான் 180 மீட்டரா 280 மீட்டரா என்று கண்ணால் சொல்வது கஷ்டம், எண்ணுவதற்குச் செம்பனையும் கிடையாது. அவன் வைத்திருக்கும் .308 ரைபிளை 100 மீட்டருக்குக் குறி சரி செய்து வைத்திருந்தால், 250 மீட்டருக்கும் 300க்கும் நடுவே மட்டும் குண்டு கிட்டத்தட்ட ஒரு சாண் கூடுதலாக இறங்கும். தூரத்தை ஐம்பது மீட்டர் தப்பாக மதித்தால் நெஞ்சில் படவேண்டியது காலில் படும். அங்கே லேசருக்கு வேலை உண்டு.

நியூசிலாந்துக்குத் தார் ஆடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம் வேண்டும். இமயமலைத் தார் 1904இல் அங்கே விடப்பட்டது. பாறைச் சரிவில்தான் நிற்கும். நீலகிரி வரையாட்டின் சொந்தக்காரன் என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம். உறவெல்லாம் பெயரில்தான், வரையாட்டை இப்போது தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள்.

இரண்டாம் படி: கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்

8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. பைனாகுலரின் பின்பக்கத்திலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. கையை நீட்டிப் பைனாகுலரை வானத்துக்குக் காட்டிப் பாருங்கள், கண்வில்லையில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும், அதுதான். இருட்டில் இளவயதுக் கண்ணின் பாப்பா 7 மில்லிமீட்டர் வரை விரியும், ஐம்பதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு 5 வந்தாலே அதிகம். பொட்டு சின்னதாக இருந்தால் கருக்கலில் படம் மங்கும்.

கணக்குப் போட்டால் 10×42க்கு 4.2, 10×32க்கு 3.2, 8×56க்கு 7, 10×54க்கு 5.4 வரும். நடுப்பகலில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. பன்றி நடுப்பகலில் வருவதில்லை. இலையும் மட்டையும் மூடிய செம்பனைக்கடியில் மாலை ஆறரை மணிக்கே அரையிருட்டு. அங்கே 10×32ஐத் தூக்கிப் பிடித்தால் கறுப்பில் கறுப்புதான் தெரியும்.

பத்து மடங்கில் இன்னும் பெரிதாகத் தெரியுமே என்பீர்கள். தெரியும்தான், உங்கள் கை நடுக்கமும் பத்து மடங்காகும். பார்வை அகலமும் குறையும். 8×42இல் ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் கண்ணில் படும், 10×42இல் 110 பக்கம்தான். நிரைகளுக்கு நடுவே ஓடும் பன்றியைத் தேட அகலம்தான் உதவும். எதிர்ச்சரிவைப் பாறையில் முட்டுக்கொடுத்து ஒரு மணி நேரம் சல்லடை போட்டுப் பார்ப்பவருக்குப் பத்து மடங்கு உதவும். மருமகன் உட்கார்ந்து பார்க்கிற ஆள், அவனுக்கு 10×42 என்றேன். நடந்துகொண்டே பார்ப்பவருக்கு 8×42.

லேசர் வைத்த பைனாகுலரில் ஒரு விசித்திரம் உண்டு, அதைக் கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார். லேசர் ஒளியும் எண் காட்டும் வெளிச்சமும் படம் வரும் அதே குழாய்க்குள் வந்துபோக வேண்டும். அதற்காக உள்ளே பட்டகத்தின் மேல் ஒரு தனிப் பூச்சு பூசியிருப்பார்கள். அதனால் சில மாடல்களில் படம் லேசாக நீலம் தட்டும். அதே கம்பெனியின் சாதாரண பைனாகுலரை விட ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும். விலை உயர்ந்தவற்றில் இதைப் பெருமளவு சரிக்கட்டியிருக்கிறார்கள், மலிவானதில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு நிறமாகக்கூடத் தெரியும். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடினால் பிடிபட்டுவிடும்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க: கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே விடக்கூடிய தூரம் 16 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். குறைந்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படும், சில சமயம் தூர எண்ணே கண்ணில் படாது.

எடையை வெறும் எண்ணாக நினைக்காதீர்கள். லேசர் உள்ள 42 மில்லிமீட்டர் ரகம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு நாலு மணி நேரம் மலைத்தோட்டத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள், மறுநாள் கழுத்து திரும்பாது. முதுகில் குறுக்காகப் போடும் பட்டை ஐம்பது அறுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். பைனாகுலரோடு அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: லேசர் எப்படி ஏமாற்றும்

கருவி கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்பை அனுப்புகிறது. பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளம். அது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 100 மீட்டருக்குப் போய்வர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமானால் ஒரு நொடியில் நூறு கோடியில் ஏழு பங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வேட்டைப் பைனாகுலரில் இதை வைத்து 1992இல் முதலில் சந்தைக்கு வந்தது லைக்காவின் ஜியோவிட். அன்று அதிசயம், இன்று கோல்ஃப் ஆடுபவர் பையில் கிடக்கிறது.

பெட்டியில் 5000 யார்டு என்று போட்டிருக்கும். அது பளபளக்கும் பலகையைப் பார்த்து அளந்தது. மரத்துக்கு அதில் பாதிகூட வராது, மானுக்கு அதைவிடக் குறையும். நனைந்த கறுப்புப் பன்றி இருக்கிறதே, அது ஒளியை விழுங்கிவிடும். ஆகவே பெட்டியில் "மான்" என்று தனியாக ஓர் எண் போட்டிருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண் இல்லையென்றால், பலகைக்குப் போட்ட எண்ணில் நாலில் ஒரு பங்கு என்று நானாக வைத்துக்கொள்வேன். இது என் கைக்கணக்கு, சட்டமில்லை.

யார்டா மீட்டரா என்றும் பாருங்கள். 100 யார்டு என்பது 91 மீட்டர்தான். அமெரிக்கக் கருவி பெட்டியிலிருந்து யார்டிலேயே வரும். மாற்றாமல் விட்டு, "இது எப்பவும் கூடவே காட்டுது" என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

நம் காலநிலைக்கு முக்கியமானது மூடுபனி. காலையில் பள்ளத் தோட்டத்தில் பனி இறங்கியிருக்கும்போது, ஒளி பன்றி வரை போகாமல் பனித்துளியில் பட்டே திரும்பிவிடும். கருவி 18 மீட்டர் என்று தைரியமாகக் காட்டும். மழைத் தூறலிலும் இதே கதைதான். குறுக்கே ஒரு மட்டை தொங்கினாலும் மட்டையின் தூரத்தைத்தான் சொல்லும். இதற்காகவே நல்ல கருவிகளில் "கடைசிப் பொருள்" என்ற அமைப்பு இருக்கும். வந்த எதிரொலிகளில் கிட்டத்தில் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, தூரத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கோல்ஃப் கருவிகள் நேர்மாறு. அவை கொடிக்கம்பத்தைப் பிடிக்க, முதலில் பட்டதையே எடுக்கும். காட்டுக்கு அது சரிப்படாது. வாங்கும் முன் "கடைசிப் பொருள்" அமைப்பு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பட்டனை அழுத்திப் பிடித்து நகர்த்திக்கொண்டே அளக்கும் வசதியும் இருந்தால் நல்லது. எண்கள் 18, 18, 73, 74, 18 என்று மாறி வரும்போது எது மட்டை, எது பன்றி என்று உங்களுக்கே புரியும்.

லேசர்க் கற்றை ஊசி மாதிரி மெல்லியது என்று நினைக்காதீர்கள், போகப் போக விரியும். கருவியின் விவரத் தாளில் மில்லிரேடியன் என்று ஓர் எண் இருக்கும். அது 2 என்றால் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் அகலம், 300 மீட்டரில் 60 சென்டிமீட்டர். 300இல் நிற்கும் பன்றியின் உடம்பு மேலிருந்து கீழ் வரை அந்தக் கற்றைக்குள் போய்விடும், பின்னால் உள்ள மண்மேடும் சேர்ந்துகொள்ளும். எண் சிறியதாக இருந்தால் நல்லது.

கிட்டத்து எல்லையையும் பாருங்கள். சில மாடல்களில் 10 மீட்டருக்குள் எண்ணே வராது, சில பழையவற்றில் அந்த எல்லை இன்னும் கூடுதல். செம்பனைக்குள் வேட்டையாடுபவருக்கு இது முக்கியம், மலைக்குப் போகிறவருக்குத் தேவையே இல்லை.

நான்காம் படி: கூடுதல் வசதிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்

சரிவுக் கணக்கு. மேலிருந்து கீழே சுடும்போது குண்டு இறங்குவது நேர்த்தூரத்தைப் பொறுத்ததில்லை, தரையளவில் உள்ள கிடைத்தூரத்தைப் பொறுத்தது. 30 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்றால் கிடைத்தூரம் 260. நியூசிலாந்து மலையில் இது இல்லாமல் முடியாது. நம் மலைத்தோட்டத்துப் படிக்கட்டு நடவில், 15 பாகைச் சரிவில், 40 மீட்டருக்கு அது 38.6. ஷாட்கன்காரருக்கு அந்த ஒன்றரை மீட்டரில் என்ன ஆகப்போகிறது?

குண்டுக் கணக்கு. சிக் சாவர், வோர்ட்டெக்ஸ், லைக்கா எல்லாம் இப்போது தோட்டாவின் விவரத்தைக் கைபேசிச் செயலியில் போட்டால், எவ்வளவு தூக்கிச் சுட வேண்டும் என்று கண்ணுக்குள்ளேயே காட்டும் மாடல்களை விற்கின்றன. 400 மீட்டருக்கு மேல் சுடுபவருக்கு அது உதவும். மருமகனிடம், முதல் இரண்டு வருடம் 250க்கு மேல் சுடமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருப்பதால், இது வேண்டாம் என்றேன்.

சுவரோவ்ஸ்கியின் இ.எல். ரேஞ்ச் டி.ஏ.வில் இருக்கும் ஒரு வசதி எனக்குப் பிடித்தது. சுட்ட பிறகு, விலங்கு நின்ற இடத்துக்குக் கைபேசி வழிகாட்டும். அடிபட்டதைத் தேடிப் போவது வேட்டைக்காரனின் கடமை, அதற்கு உதவுகிறது. அடர்ந்த மரத்துக்கடியில் செயற்கைக்கோள் துல்லியம் குறையும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எண்ணின் நிறம். கறுப்பு எண்கள் கருக்கலில் காணாமல் போகும். சிவப்பில் ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் பிரகாசத்தை நன்றாகக் குறைக்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாவிட்டால் இருட்டுக்குப் பழகிய கண்ணை அந்த எண்ணே கூசவைத்துவிடும்.

நீர்ப்புகாமை. நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி மூடிய உடல், ஐ.பி.எக்ஸ்.7 தரம், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். மாலையில் இடியோடு கொட்டும் மழையில் இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஐந்தாம் படி: பணம்

ஸைஸ், லைக்கா, சுவரோவ்ஸ்கி மூன்றின் உயர் ரகங்கள் பெரும்பாலும் 10,000 வெள்ளிக்கு மேல். வோர்ட்டெக்ஸ் ஃபியூரி போன்ற நடு ரகம் ஏறக்குறைய 5,000 முதல் 7,000 வெள்ளி. இதற்கும் கீழே இணையக் கடைகளில் பெயர் தெரியாத ரகங்கள் ஆயிரம் வெள்ளிக்கும் கிடைக்கும். என் முதல் லேசர் பைனாகுலர் அப்படி வந்ததுதான். அளவு சரியாகக் காட்டியது. படம் மட்டும் ஓரத்தில் வளைந்து, ஒரு மணி நேரம் பார்த்தால் தலைவலி வந்துவிடும். இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்காத கோளாறு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். திருப்பி அனுப்பினேன், அந்தக் கடை பதிலே போடவில்லை.

பட்ஜெட் 3,000க்குள் என்றால் என் ஆலோசனை, இரண்டையும் பிரித்து வாங்குங்கள். நல்ல சாதாரண 8×42 ஒன்று, சட்டைப்பையில் போகும் ஒற்றைக்கண் லேசர் ஒன்று. ஒன்று கெட்டால் இன்னொன்று மிஞ்சும், அதே விலைக்குக் கண்ணாடியும் மேலானதாக அமையும். குறை என்னவென்றால், பைனாகுலரில் கண்ட மானை லேசரில் மறுபடி தேட வேண்டும். அதற்குள் அது தலையைத் தூக்கிவிடும். மானுக்கு இது பெரிய குறை. குருத்துத் தின்றுகொண்டிருக்கும் பன்றி அவசரப்படாது.

ஆறாம் படி: கடையில் என்ன செய்ய வேண்டும்

கடைக்குள் குழல்விளக்கில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கோலாலம்பூருக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் போங்கள். வாசலுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். அனுமதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை.

வெளியே வந்ததும் நிழல் விழுந்த சந்து ஒன்றைப் பாருங்கள். உள்ளே நிற்கும் மோட்டார் சைக்கிளின் எண்பலகை படிக்க முடிகிறதா? தெருவிளக்கை ஓரத்தில் வைத்துப் பாருங்கள், படம் முழுக்க வெள்ளைப் புகை மூடினால் உள்பூச்சு சரியில்லை. பிறகு லேசரை அளந்து பாருங்கள். பளபளக்கும் விளம்பரப் பலகையில் அடிப்பது எல்லாக் கருவிக்கும் சுலபம், அதில் ஒன்றும் தெரியாது. கறுப்புச் சட்டை போட்ட நண்பரை நூறு மீட்டர் தள்ளி ஒரு செடிக்குப் பின்னால் நிற்கவைத்துப் பத்து முறை அளவெடுங்கள். அதற்கு முன், கண்ணுக்குத் தீங்கில்லாத முதல் வகுப்பு லேசர் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். போடாத கருவியை ஆள் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள், வாங்கவும் வேண்டாம். பத்தில் எட்டு முறையாவது ஒரே எண், ஒரு மீட்டர் முன்பின்னாக, வர வேண்டும்.

பட்டனைப் பெரும்பாலும் வலது ஆள்காட்டி விரலுக்கு வைத்திருப்பார்கள். இடதுகைக்காரர்கள் வாங்கும் முன் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அழுத்தும்போது படம் குலுங்கினால் அந்தப் பட்டன் காட்டில் இன்னும் மோசமாகக் குலுங்கும்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

சாதாரண பைனாகுலரில் கண்பார்வைக்கேற்பத் திருகும் வளையம் ஒரு பக்கம்தான் இருக்கும். லேசர் ரகத்தில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். முதலில் எண் தெரியும் பக்கத்து வளையத்தைத் திருகி எண்ணைக் கூர்மையாக்குங்கள். படத்தைக் கவனிக்க வேண்டாம். அப்புறம் அதே கண்ணால், நடுச் சக்கரத்தைச் சுற்றித் தூரத்து மரத்தைக் கூர்மையாக்குங்கள். கடைசியாக அந்தக் கண்ணை மூடி, மற்றப் பக்கத்து வளையத்தால் அதே மரத்தைக் கூர்மையாக்குங்கள். எண் எந்தக் குழாயில் தெரிகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். வரிசை மாறினால் ஒன்று எண் மங்கும், இல்லையென்றால் படம் மங்கும்.

துல்லியம் சோதிக்க மறுபடி செம்பனைதான். ஒரு மரத்தடியில் நின்று, அந்த மரத்தையும் சேர்த்து எண்ணி, அதே நிரையில் பதினோராவது மரத்தின் தண்டை அளந்தால் 90 மீட்டர் பக்கம் வர வேண்டும். நட்டவர் கயிறு பிடித்த விதத்தில் ஒன்றிரண்டு மீட்டர் முன்பின் இருக்கலாம், அதனால் மூன்று நாலு நிரையில் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகத் தள்ளிக் காட்டினால் கருவியில் கோளாறு.

பேட்டரி பெரும்பாலும் சி.ஆர்.2 லித்தியம். நம் ஊர்ப் பலசரக்குக் கடையில் அது கிடைக்காது, பட்டணம் போகும்போது நாலைந்து வாங்கி வையுங்கள். விமானத்தில் போனால் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டுச் சரக்கில் ஏற்றக்கூடாது.

எட்டாம் படி: பூஞ்சை

இதைப் பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதுபவர்கள் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் சராசரியாக எண்பது சதவீதம் பக்கம் இருக்கும். எழுபதைத் தாண்டிவிட்டாலே கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். நான் பாழாக்கிய பைனாகுலர் இப்படித்தான் போனது. மழையில் நனைந்ததைத் துடைத்து, தோல் பைக்குள் போட்டு, காரின் பின்பெட்டியில் எட்டு மாதம் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி வெள்ளை இழைகள். நைட்ரஜன் நிரப்பியதால் உள்ளே தப்பியது, வெளிப்பூச்சை மட்டும் பூஞ்சை அரித்துவிட்டது. துடைத்த பின்னும் தடம் போகவில்லை.

பெரிய செலவெல்லாம் வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம், பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஈரமானி. ஈரம் 40க்கும் 50க்கும் நடுவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்பக் காய்ந்தாலும் ரப்பர் வெடிக்கும். நனைந்த பைனாகுலரை நேரே பெட்டியில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு ஆறவிடுங்கள். தோல் பையில் ஒருநாளும் வைக்காதீர்கள், தோலே பூஞ்சையின் வீடு. வியர்வை உப்பு படிந்த கண்வளையத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். கண்ணாடியை மட்டும் முதலில் தூரிகையால் தூசு தட்டாமல் தொடவே வேண்டாம்.

மெல்பர்ன் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தோட்டத்தில் பயன்படுத்திய பைனாகுலர், பட்டை, பூட்ஸ் எதையாவது கொண்டுபோனால் மண் ஒட்டாமல் கழுவி, ஆஸ்திரேலிய விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவிலும் அந்த வருட இறுதியில் தீபகற்பத்திலும் உறுதியானதிலிருந்து, பன்றி உலாவும் மண்ணை அவர்கள் சும்மா விடுவதில்லை. மனிதருக்கு அந்தக் காய்ச்சல் ஒட்டாது, ஆனால் பூட்ஸில் ஒட்டிய மண்ணோடு கடல் தாண்டும். மருமகன் கடைசியில் 10×42 வாங்கிவிட்டான். போன மாதம் வந்தபோது கொண்டுவந்து, அக்கா வீட்டு வாசலில் நின்று எதிர் நிரையை எண்ணிக்கொண்டிருந்தான். பதினோராவது மரம், 91 மீட்டர். திரும்பிப் போகும் முன் பட்டையைச் சோப்புப் போட்டுத் துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.